பயிற்சிப் படம் போட்டா பாதி வகுப்பு முடிஞ்சுதோ?

உரும்பிராய்ப் பெடியன் | 17.09.2023

எங்கட பள்ளிக்கூடத்துக் கடேற் பிளாட்டூனை இந்த வருஷம் என்னட்டத் தந்திருக்கினம். வரைபடம் வாசிக்கிறது, முதலுதவி, ஃபீல்ட்கிறாஃப்ட் (வெளியில மறைஞ்சு நகருற பழக்கம்) எல்லாத்துக்கும் பழைய ஆமிப் பயிற்சிப் படங்கள் நெற்றில சும்மா கிடக்கு. சனிக்கிழமையில ஒண்டொண்டாப் போட்டா பாதி வகுப்பு அதிலயே முடிஞ்சிடும் எண்டு நினைக்கிறன், நான் கத்திக் கத்திச் சொல்லுறதை விட வடிவாச் செய்திருக்கிறாங்கள். எங்க எடுக்கிறது, எப்பிடிப் போடுறது எண்டு அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

மண்கும்பான் | 17.09.2023

பாதி முடியாது தம்பி. படம் போடுற நாளில படிப்பிக்கிற ஆளுக்கு வேலை கூடும். வேலை குறையும் எண்டு நினைச்சுப் போட்டா பெடியள் இருட்டுக்குள்ள நித்திரை கொள்ளுவாங்கள், நீங்களும் பின்னால நிண்டு ஃபோன் பாப்பியள். நாளைக்கு ஆறுதலா எழுதுறன்.

மண்கும்பான் | 18.09.2023

எழுபதுகளில நானும் கடேற். தியத்தலாவைக் காம்பில இரவுச் சாப்பாடு முடிய 16 மில்லிமீற்றர் படம் போடுவினம். பகல் முழுக்க டிறில் அடிச்சிட்டு வந்து, அந்தக் குளிருக்குள்ள போர்வையைச் சுத்திக்கொண்டு இருந்தா லைற் நூந்த கையோட கண் சொருகும். திரையில ஆரோ ஒருத்தன் பிறென் கன் எண்ட இயந்திரத் துவக்கைக் கழட்டிப் பூட்டினவன், அவ்வளவு தான் மனசில நிண்டது. எந்த ஒழுங்கில கழட்டினவன் எண்டு விடியக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. பேந்து ஒரு சார்ஜன்ற் அதே பிறென் கன்னை மேசையில வைச்சு ஒவ்வொருத்தரா வந்து கழட்டு எண்டு விட்டார், அது இண்டைக்கும் என்ர கைக்கு மறக்கேல்லை.

இதை வைச்சுப் படம் சரிவராது எண்டு சொல்ல வரேல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு முன்சொல்லும் இல்லாமல், படம் முடியப் போய்ப் படு எண்டு விட்டதால தான் அது வீணாப் போனது. அதே படத்தை விடியக்காலமை போட்டு, முடிய நேர மேசைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தா சார்ஜன்றுக்கும் பாதிக் கத்தல் மிச்சம்.

பிறகு கண்ணிவெடி அகற்றுற வேலைக்கு வந்தன். 2002இல சண்டை ஓய்ஞ்ச பிறகு அது இங்க பெருசாத் தொடங்கினது எல்லாருக்கும் தெரியும். நான் ஒரு நிறுவனத்தில புதுசா வாற ஆக்களுக்குப் பயிற்சி குடுக்கிற ஆள். ஆமி இல்லை, ஆனா பயிற்சி முறை எல்லாம் ஆமிச் சப்பர்மாரிட்ட (பொறியியல் பிரிவுச் சிப்பாய்மாரிட்ட) இருந்து வந்தது, படங்களும் அங்க இருந்து வந்தது தான் கூட. அதில கையால மண் அகழுறது எப்பிடி எண்டு ஒரு படம் வேற நாட்டில இருந்து வந்தது. நல்ல படம், குறை சொல்ல ஏலாது. கமரா கைக்குக் கிட்ட நிக்குது, முழங்காலை எங்க ஊண்டுறது, உலோகம் தேடுற டிற்றெக்ரர் சத்தம் போட்ட இடத்துக்கு எவ்வளவு முன்னுக்கு இருந்து தோண்டத் தொடங்குறது, குத்துக் கம்பியை ஒரு 30 பாகைச் சரிவில எப்பிடி மெல்லமா விடுறது, எல்லாம் துலாம்பரமாத் தெரியும்.

ஆனா அது களிமண். வெட்டின முகம் அப்பிடியே சுவரா நிக்குது. எங்கட முகமாலை, கிளாலிப் பக்கத்து மணல் அப்பிடி நிக்குமே? ஒரு பிடி எடுத்தா ரண்டு பிடி சரிஞ்சு வந்து விழும். சரியுற மண்ணோட மிதிவெடியும் சாயலாம், இடம் மாறலாம். அதுவும் இங்க கனக்க இருந்த பி4 மாதிரி மிதிவெடியில உலோகம் கொஞ்சம் தான், டிற்றெக்ரர் லேசில பிடிக்காது, அதாலதான் இந்தப் பக்கம் சில இடங்களில றேக்கால மண்ணை மெல்ல மெல்ல வாரி எடுக்கிற முறையே வந்தது. அந்தப் படத்தில றேக் எண்ட சாமானே இல்லை.

தகரக் கொட்டில், யன்னலுக்குப் பாய் கட்டி இருட்டாக்கி, வெளியில ஜெனறேற்றர் இரைஞ்சு கொண்டு நிக்குது. படம் ஓடுது. முன்வரிசையில இருந்த ஒரு பிள்ளை, மூண்டு பிள்ளையளின்ர தாய், கையை உயர்த்தி "சேர், அவருக்கு ஏன் மண் சரியேல்லை?" எண்டு கேட்டா. நான் படத்தை நிப்பாட்டிட்டன். எல்லாரையும் வெளியில பயிற்சிக் குழிக்குக் கூட்டிக்கொண்டு போய், படத்தில காட்டின மாதிரியே ஒருத்தரை வெட்டச் சொன்னன், சரிஞ்சுது. இப்ப என்ன செய்வம் எண்டு கேட்டன். அண்டைக்கு மத்தியானம் வரைக்கும் அந்த ஒரு கேள்வியில தான் போச்சுது, ஒருத்தரும் நித்திரை கொள்ளேல்லை.

அதுக்குப் பிறகு அந்தப் படத்தைப் போடமுதல் நானே சொல்லிப்போடுவன்: "மண் எங்கட மண் இல்லை, அதைப் பாக்காதேங்கோ. கையையும் முழங்காலையும் மட்டும் பாருங்கோ."

மண்கும்பான் | 18.09.2023

மேல எழுதினதில முக்கியமானது ஒண்டு விட்டுப்போச்சு. அப்பிடிச் சொல்லுறதெண்டா படத்தை நான் முதலே பாத்திருக்கோணும். ஒருக்காப் பாத்தாக் காணாது. முதல்தரம் சும்மா பாருங்கோ, ரண்டாந்தரம் பேனையோட, எந்த நிமிஷத்தில எது எண்டு எழுதிக்கொண்டு பாருங்கோ. வகுப்பில பெடியளோட சேந்து தான் தானும் முதல்முதலாப் பாக்கிற ரீச்சர்மார் இருக்கினம், அதை என்னால ஏற்கவே ஏலாது.

மண்கும்பான் | 20.09.2023

"உது உங்கட அனுபவம் தானே அண்ணை, ஆராவது அளந்து பாத்தவையோ" எண்டு ஒருத்தர் கேட்டிருக்கிறார். அளந்திருக்கினம், அதுவும் வடிவா.

ரண்டாம் உலகப்போரில அமெரிக்க ஆமி லட்சக்கணக்கான பெடியளைக் கெதியாப் பழக்கி எடுக்கோணும், அதுக்காகப் படம் படமா எடுத்துத் தள்ளினது. சிக்னல் கோர் எண்ட பிரிவு தான் அதுக்குப் பொறுப்பு, 1942இல நியூயோர்க் அஸ்ரோறியாவில இருந்த பழைய பரமவுண்ற் ஸ்ரூடியோவையே வாங்கிப்போட்டினம். எடுத்ததோட விடேல்லை, இது வேலை செய்யுதோ எண்டு பாக்க மனோதத்துவ ஆக்களையும் வைச்சிருந்தவை. கார்ல் ஹொவ்லண்ட், லம்ஸ்டெய்ன், ஷெஃபீல்ட் எண்ட மூண்டு பேர் செய்த ஆய்வு 1949இல வெளிவந்தது.

அதில மூண்டு விஷயம் எனக்குப் பிடிச்சது. ஒண்டு, வரைபடம் வாசிக்கிற படம். படத்துக்கு முதல் ஒரு அறிமுகம் குடுத்தோ முடிய மீட்டல் செய்தோ காட்டினா, படத்தை மட்டும் பாத்த ஆக்களை விட இவைக்கு நல்லா வந்திருக்கு. இதைத்தான் நான் முகமாலையில பட்டுத் தெரிஞ்சது, அவங்கள் எழுபது எண்பது வருஷத்துக்கு முதலே எழுதி வைச்சிட்டாங்கள். அடுத்தது, அதே வரைபடப் பாடத்தை ஓடுற படமாயும் ஃபிலிம்ஸ்றிப்பாயும் காட்டிப் பாத்தினம். ஃபிலிம்ஸ்றிப் எண்டா அசையாத படங்கள் வரிசையா இருக்கிற சுருள். பெரிய வித்தியாசம் ஒண்டும் வரேல்லை! அப்ப அசைவு தேவையில்லாத பாடத்துக்குச் செலவழிச்சு ஓடுற படம் தேடி அலையத் தேவையில்லை, நாலு நல்ல ஸ்லைட் காணும். மூண்டாவது தான் தங்கம். வயர்லெஸ்ஸில ஏ, பி, சி எண்ட எழுத்துகளுக்குப் பதிலா ஒவ்வொரு சொல்லுச் சொல்லுவினமே, அந்தக் காலத்தில ஏபிள், பேக்கர், சார்லி எண்டு போகும், அதைப் படிப்பிக்கிறதில ஒரு கூட்டத்துக்குச் சும்மா காட்டினவை, மற்றக் கூட்டத்தை இடையில இடையில வாய்விட்டுச் சொல்ல வைச்சவை. வாய்விட்டுச் சொன்ன கூட்டம் தான் முன்னுக்கு. அதுவும் கஷ்டமான சொல்லுகளில தான் வித்தியாசம் கூட.

கடேற் பெடியளுக்கு இப்பத்தைய அல்ஃபா, பிறாவோ படிப்பிக்கிறியள் தானே தம்பி, அதை முதல் சனிக்கிழமையே செய்து பாருங்கோ.

மண்கும்பான் | 20.09.2023

அந்த ஆய்விலயே ஃபிராங்க் கப்ரா எண்ட இயக்குநர் எடுத்த தொடரையும் சோதிச்சிருக்கினம், ஏன் சண்டை பிடிக்கிறம் எண்டு சிப்பாய்மாருக்கு விளங்கப்படுத்த எடுத்த ஏழு படம். பிரிட்டனுக்கு மேல நடந்த வான் சண்டை பற்றின படத்தைப் பாத்தவைக்கு விபரம் நல்லாத் தெரிஞ்சிருக்கு, ஆனா சண்டை பிடிக்கோணும் எண்ட ஊக்கத்தில சொல்லுற அளவுக்கு மாற்றம் இல்லை. ஹொலிவூட்டில பெயர் எடுத்த ஆளே எடுத்தும் அப்பிடி. ஒன்பது கிழமை கழிச்சுக் கேட்டா விபரத்திலயும் கனக்க மறந்து போச்சு. அப்ப ஒரு படத்தைப் போட்டுப் பெடியளுக்கு ஒழுக்கம் வரும், நாட்டுப்பற்று வரும் எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ. விபரம் வரும், திரும்பத் திரும்பக் கேட்டா நிக்கும்.

மண்கும்பான் | 23.09.2023

பயிற்சிப் படம் ரண்டாம் உலகப்போரில தொடங்கினது எண்டு இங்க எழுதின ஒருத்தருக்கு: இல்லை, முதலாம் உலகப்போரிலயே அமெரிக்காவில பிறே எண்டவரின்ர ஸ்ரூடியோ ஆமிக்குக் கார்ட்டூன் முறையில பயிற்சிப் படம் செய்து குடுத்தது. கார்ட்டூன் எண்டா சிரிப்புக்கு இல்லை, துவக்குக்கு உள்ளுக்குள்ள என்ன நடக்குது எண்டு காட்ட.

படம் எண்ட சாமானுக்கு உண்மையான மரியாதை அங்க தான் இருக்கு. 1942இல டிஸ்னி கனடாக்காரரோட சேந்து டாங்கி எதிர்ப்புத் துவக்கு ஒண்டுக்குப் படம் செய்தவை. தொடக்கம் பகிடி, பிறகு முழுக்க அந்தத் துவக்கைக் கீறி உள்ளுக்குப் போல்ற் எப்பிடி வருது, ரவை எப்பிடி ஏறுது எண்டு ஒவ்வொண்டா அசைச்சுக் காட்டுறாங்கள். இதை நான் மேசையில வைச்சுக் காட்ட ஏலாது, இரும்பு மறைக்கும். எங்கட வேலையிலயும் அப்பிடித்தான், மிதிவெடியின்ர உள்ளுக்கு அமுக்கம் எப்பிடிப் போய் வெடிக்க வைக்கிற ஃபியூசைத் தட்டுது எண்டு வரைபடத்தில அசைச்சுக் காட்டின ஒரு சின்னத் துண்டு, ரண்டு நிமிஷமும் வராது, அதைப் பாத்த பிறகு தான் கனபேர் மேல கை வைக்காமல் பக்கத்தால வாறதின்ர காரணத்தை விளங்கினவை.

கண்ணுக்குத் தெரியாதது, கெதியா நடக்கிறது, கிட்டப் போக ஏலாதது, இதுகளுக்குப் படம் போடுங்கோ. சல்யூற் அடிக்கிறதுக்கும் சப்பாத்து மினுக்கிறதுக்கும் நீங்கள் நிண்டு செய்து காட்டினாக் காணும்.

மண்கும்பான் | 26.09.2023

இரவல் எடுக்கிற கதை. 16 மில்லிமீற்றர் காலத்தில இது ஒரு தனி வேலை. கொழும்புக்குக் கடிதம் போட்டு, மாற்றுத் திகதியும் எழுதி, யாழ்தேவி றெயினில பெட்டி வந்து சேரோணும். வந்த உடன திறந்து பாக்கோணும், சுருளின்ர ஓரத்து ஓட்டைகள் கிழிஞ்சிருக்கோ, முன்பக்கம் சுத்தியிருக்கோ பின்பக்கம் சுத்தியிருக்கோ எண்டு. கிழிஞ்ச இடத்தில சாதாரண ரேப்பை ஒட்டினா அடுத்த ஆளின்ர புறொஜெக்ரரில மாட்டும், அதால கிழிஞ்சதைக் கிழிஞ்சபடி விட்டு, எந்த இடத்தில எண்டு துண்டு எழுதி வைச்சு அனுப்புறது தான் மரியாதை. 400 அடிச் சுருள் 11 நிமிஷம் ஓடும், அதை வைச்சுத்தான் பாடத்தையே நேரம் பிரிக்கிறது. நடுவில நிப்பாட்டவும் ஏலாது, நிப்பாட்டினா லாம்புச் சூட்டில அந்தக் கட்டம் கருகிப்போயிடும்.

இப்ப யூரியூப்பில தட்டினா வருது. ஆனா அந்தக் காலத்து ஒழுங்கை விடாதேங்கோ. என்ர சொல்லு என்னெண்டா, நெற்றில இருந்து நேராப் போடாதேங்கோ. மழைகாலம் தொடங்கினா லைனும் கறண்டும் எப்பிடி இருக்கும் எண்டு யாழ்ப்பாணத்து ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதல் நாளே லப்ரொப்பில இறக்கி, பென்டிறைவில இன்னொண்டு வைச்சு, அந்த வகுப்பறையிலயே, அந்த நேரத்து வெளிச்சத்திலயே ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. கடைசி வாங்கில இருந்து பாருங்கோ, தெரியுதோ கேக்குதோ எண்டு.

இரவல் எண்டா ஆரின்ர எண்டதும் வேணும். அமெரிக்க அரசாங்கம் தானே எடுத்த படங்களுக்கு அவையின்ர சட்டத்தில பதிப்புரிமை இல்லை, அதுதான் அந்தப் பழைய படங்கள் இவ்வளவு தாராளமாக் கிடக்கு. மற்ற நாடுகளின்ர, கொம்பனியளின்ர படங்கள் அப்பிடி இல்லை, ஒரு மெயில் போட்டுக் கேளுங்கோ. பள்ளிக்கூடத்துக்கு எண்டு கேட்டா கனபேர் சந்தோஷமாத் தருவினம்.

மண்கும்பான் | 27.09.2023

தம்பி, வகுப்பில காட்டப் போற படங்கள் எண்டு நீங்கள் நேற்றுப் போட்ட லிஸ்றைப் பாத்தன். முதலுதவிப் படத்தைத் தயவுசெய்து போடாதேங்கோ. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுறன்.

1940களின்ர படம் அது. இரத்தம் போற காலுக்குக் கட்டுற இறுக்குப் பட்டியை 15, 20 நிமிஷத்துக்கு ஒருக்காத் தளத்தச் சொல்லும், இப்ப அப்பிடித் தளத்தக் கூடாது, ஆஸ்பத்திரியில தான் கழட்டோணும். மூச்சு நிண்ட ஆளைக் குப்புறப் படுக்கப்போட்டு முதுகில அமத்தச் சொல்லும், வாயோட வாய் வைச்சு ஊதுறதும் நெஞ்சை அமத்துறதும் 1950களின்ர கடைசிக்கும் 1960க்கும் பிறகு வந்தது. பாம்புக் கடியை வெட்டி உறிஞ்சச் சொல்லுற படங்களும் கிடக்கு. எங்கட ஊரில கண்ணாடி விரியனும் நாகமும் வேலியோரத்தில இருக்கு, தோட்டத்தில நிக்கிற அப்பாவுக்குக் கடிச்சா உங்கட பெடியன் படத்தில பாத்த மாதிரிப் பிளேட்டை எடுப்பான். கட்டாமல், வெட்டாமல், ஆளை அசைய விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது தான் இப்பத்தைய முறை.

ஆமிப் படம் எண்டா குரலே ஒரு அதிகாரத்தோட வரும், இசை போடும், கொடி காட்டும். பெடியள் ரீச்சரை விட அதை நம்புவாங்கள். அதாலதான் பழைய படம் புத்தகத்தை விட ஆபத்து. வருஷத்தைப் பாருங்கோ, பாடம் மாறியிருக்கோ எண்டு பாருங்கோ, மாறியிருந்தா வைச்சிட்டு வேற தேடுங்கோ. முதலுதவிக்குச் செஞ்சிலுவை ஆக்களையோ செயின்ற் ஜோன் அம்புலன்ஸ் ஆக்களையோ நேர கூப்பிடுங்கோ.

மண்கும்பான் | 02.10.2023

பயிற்சிப் படத்தில பிழையாச் செய்யுறதைக் காட்டலாமோ எண்டு ஒரு வாதம் ஓடுது இங்க. பிரைவேற் ஸ்னாஃபுவை ஆரோ இழுத்திருக்கினம். 1943 தொடங்கி அமெரிக்க ஆமிச் சிப்பாய்மாருக்கு எண்டு வந்த சின்னச் சின்னக் கார்ட்டூன், சக் ஜோன்ஸ் மாதிரிப் பெரிய ஆக்கள் செய்தது, மெல் பிளாங் குரல். ஸ்னாஃபு எல்லாத்தையும் பிழையாச் செய்வான், இரகசியத்தை உளறுவான், நுளம்பு வலை இல்லாமல் படுப்பான், வாங்கிக் கட்டுவான். சிப்பாய்மாருக்குச் சரியான விருப்பம்.

பிழையைக் காட்டவே கூடாது எண்டு தான் நான் கனகாலமா வகுப்பில சொல்லிக்கொண்டு வந்தனான். இந்த வாதத்தை வாசிச்ச பிறகு அதைக் கொஞ்சம் பிரிச்சுச் சொல்லலாம் போல கிடக்கு. வலை கட்டு, வாயை மூடு எண்ட மாதிரி எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிஞ்ச, ஆனா செய்யப் பஞ்சிப்படுற விஷயத்துக்கு ஸ்னாஃபு நல்லம். கை பழகிற வேலைக்குக் கூடாது. கை எதைப் பாக்குதோ அதைச் செய்யும், அது பிழை எண்டு மேல குரல் சொல்லுறது கைக்குக் கேக்காது. மிதிவெடி வகுப்பில முகமூடியை உயர்த்திப்போட்டு வேலை செய்யுற ஆளைக் காட்டுற துண்டை நான் வெட்டி எறிஞ்சனான், அதில எனக்கு இப்பவும் ரண்டாம் பேச்சில்லை.

மண்கும்பான் | 03.10.2023

இப்பத்தைய படத்தை நடுவில நிப்பாட்டலாமோ எண்டு கேட்ட தங்கச்சிக்கு. நிப்பாட்டலாம், ஆனா எல்லா இடத்திலயும் நிப்பாட்டினா படம் செத்துப்போம். கை ஒரு முடிவு எடுக்கப் போற இடத்தில மட்டும் நிப்பாட்டி, "இனி என்ன செய்வார்?" எண்டு கேட்டு, மூண்டு பேரின்ர மறுமொழியைப் பலகையில எழுதிப்போட்டு ஓட விடுங்கோ. தன்ர மறுமொழி சரியோ எண்டு பாக்க எல்லாரும் கண்ணை வெட்டாமல் பாப்பினம்.

உரும்பிராய்ப் பெடியன் | 07.10.2023

அண்ணை, அல்ஃபா பிறாவோவை வாய்விட்டுச் சொல்ல வைச்சன், பக்கத்து வகுப்பு ரீச்சர் வந்து ஏசிப்போட்டுப் போறா. ஆனா பெடியள் பிடிச்சிட்டாங்கள். வாற சனி வரைபடமும் கொம்பாஸும். 1940களின்ர அமெரிக்கப் படம் ஒண்டு வைச்சிருக்கிறன். போடலாமோ?

மண்கும்பான் | 08.10.2023

கேக்கச் சந்தோஷம். ஏசினவவுக்கும் படிப்பிச்சு விடுங்கோ.

படத்தை நானும் பாத்தன். முதல் பகுதி, கொம்பாஸை எப்பிடிப் பிடிக்கிறது, கண்ணை எங்க வைக்கிறது, வேலிக் கம்பிக்கும் வாகனத்துக்கும் பக்கத்தில நிண்டா ஊசி எப்பிடி இழுபடும், இது வடிவா இருக்கு, போடுங்கோ. அதோட வெட்டுங்கோ. அதுக்குப் பிறகு காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிய கணக்காப் போடுறாங்கள். அமெரிக்காவில சில இடத்தில அது 10 பாகைக்கும் மேல. இலங்கையில ரண்டு மூண்டு பாகைக்குள்ள தான். அவங்கட கணக்கை அப்பிடியே பாத்துப் படிச்சா உங்கட பெடியள் கோப்பாய்க்குப் போக வெளிக்கிட்டு வேற எங்கயோ நிப்பாங்கள். தூரமும் யார், மைலில வரும். எங்கட நில அளவைத் திணைக்களத்தின்ர 1:50,000 வரைபடத்தை மேசையில விரிச்சுவைச்சு, அந்தப் பகுதியை நீங்களே சொல்லுங்கோ.

படம் ஒரு ஏழெட்டு நிமிஷம், முடிஞ்ச உடன மைதானத்துக்கு. இடையில ரீ குடிக்க விடாதேங்கோ, சூடு ஆறமுதல் கொம்பாஸ் கையில இருக்கோணும். எல்லாருக்கும் ஒவ்வொண்டு இல்லாட்டி ரண்டு பேருக்கு ஒண்டு, ஒருத்தன் பிடிக்க மற்றவன் அவன் பிடிக்கிறதைத் திருத்தட்டும்.

செய்து களைச்சு வந்த பிறகு அதே துண்டை இன்னொருக்காப் போடுங்கோ, இந்தமுறை சத்தத்தை முழுக்கக் குறைச்சுப்போட்டு. ஒவ்வொரு பெடியனா எழும்பி, திரையில நடக்கிறதைத் தன்ர வாயால தமிழில சொல்லட்டும். முதல்தரம் பாக்கேக்க கவனிக்காததெல்லாம் அப்ப கண்ணில படும், ஏனெண்டா இப்ப அவன்ர கைக்கும் அது தெரியும். ஆர் எந்த இடத்தில தடக்குப்படுறான் எண்டு கொப்பியில எழுதி வையுங்கோ, அடுத்த சனி அங்க இருந்து தொடங்கலாம்.